கவசம் போட்ட பாணன்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஞாயிறு மாலைகளில் ஐந்து இளைஞர்கள் அங்கே கூடுகிறார்கள். மேஜையில் சீட்டுக்கட்டு இல்லை, கேரம் பலகை இல்லை. ஆளுக்கு ஒரு தாள், பென்சில், 20 முகம் கொண்ட பகடை. அவ்வளவுதான். ஒருவர் கதை சொல்ல, மற்ற நால்வரும் அந்தக் கதையில் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுகிறார்கள். கத்தி பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு இப்போது மட்டாஞ்சேரிச் சந்துவரை வந்துவிட்டது.

அந்த ஐவரில் ஒருவனுக்கு வயது 22. பகலில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். புதிய கதைக்கு அவன் தேர்ந்தெடுத்த பாத்திரம் பாணன். இந்த விளையாட்டில் பாணனுக்கு 1976 முதல் இடமுண்டு. பாடுவான், வாசிப்பான், பாட்டால் மந்திரம் செய்வான், தோழர்களுக்கு உற்சாகம் ஊட்டுவான். வழக்கமாக அவன் நிற்கும் இடம் பின்வரிசை. மெல்லிய தோல் சட்டை, கையில் ஒரு நரம்புக் கருவி. நம் பையனோ தன் பாணனுக்கு இரும்புக் கவசம் மாட்டி, வாளும் கேடயமும் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தப்போவதாக அறிவித்தான். நண்பர்கள் சிரித்தார்கள். "பாட்டுக்காரனை முன்னால் விட்டால் முதல் வெட்டு அவனுக்குத்தான்" என்றான் ஒருவன்.

பையன் கணக்கோடுதான் வந்திருந்தான். 2014 பதிப்பின் விதிப்படி பாணனுக்கு லேசான கவசம் மட்டுமே பழக்கம். தோல் சட்டையோடு நின்றால் அவனுடைய தற்காப்பு எண் 13 அளவில் இருக்கும். பகடையில் விழுவதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளும் எதிரி, நூற்றுக்கு 65 தடவை அவனைத் தொட்டுவிடுவான். முழு இரும்புக் கவசமும் கேடயமும் இருந்தால் தற்காப்பு 20. அதே எதிரிக்கு இப்போது நூற்றுக்கு 30 தடவைதான் வெட்டு விழும். ஆனால் அந்தக் கவசத்தின் விலை 1,500 பொற்காசு. எடை 65 பவுண்டு, அதாவது 29 கிலோவுக்கு மேல். உடல் வலிமை 15 இல்லாதவன் அதை மாட்டினால் நடை தளரும். ஓசையில்லாமல் பதுங்கிப் போவதை மறந்துவிட வேண்டியதுதான்.

வழி ஒன்று உண்டு. முதல் படியில் போர்வீரனாகத் தொடங்க வேண்டும். இரண்டாம் படியிலிருந்து பாணனாக வளர வேண்டும். தலைகீழாகச் செய்தால் பலிக்காது. பாணனாகத் தொடங்கிப் பிறகு வீரம் கற்பவனுக்கு விதி கனமான கவசத்தைத் தருவதில்லை. வீரனாகத் தொடங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சில மந்திரங்களைத் தொடர்ந்து மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்போது அடி விழுந்தால், உடல் தாங்குகிறதா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். தவறினால் மந்திரம் அறுந்துவிடும். அந்தச் சோதனையில் வீரனாகப் பிறந்தவனுக்குக் கூடுதல் எண் உண்டு. இதற்குக் கொடுக்கும் விலை: பாணனின் பெரிய மந்திரங்கள் எல்லாம் ஒரு படி தாமதமாகவே வரும்.

"அதற்கு எதற்கு முன்வரிசை?" என்ற கேள்விக்கும் அவனிடம் பதில் இருந்தது. பாணன் ஊட்டும் உற்சாகம் 60 அடி தூரத்துக்குள் இருப்பவனுக்குத்தான் கிடைக்கும். கேட்பவன் காதில் அது விழவும் வேண்டும். "விழப்போகிறவன் முன்னால் நிற்கிறான். அவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் நானும் அங்கேதானே இருக்க வேண்டும்?"

அறையின் மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாப்பன் (தாத்தாவை அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான்) கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு வயது 74. "இதற்கா மோனே இத்தனை கணக்கு? நான் ரோல்தான் வேஷம் கட்டியபோது அதைத்தானே செய்தேன்."

அவர் சொன்னது சவிட்டுநாடகத்தை. சாவக்காட்டிலிருந்து கொல்லம் வரையிலான கடற்கரையில் லத்தீன் கத்தோலிக்கர்கள் வளர்த்த கலை. சவிட்டு என்றால் மிதி. பலகை மேடையில் நடிகர்கள் ஓங்கி மிதிக்கிற மிதியில் மேடையே ஒரு வாத்தியம் ஆகிவிடும். வெல்வெட்டும் ஜரிகையும் கண்ணாடி மணியும் தைத்த உடை, மார்புக் கவசம், இறகு செருகிய தலைக்கவசம், கையுறை, காலுறை, வாள், கேடயம் என்று ஐரோப்பிய ராஜாக்களும் தளபதிகளும் அணிவகுத்து வருவார்கள். வசனம் கிடையாது என்றே சொல்லலாம். சண்டைக்குச் சவால் விடுவதும் பாட்டு. சண்டை போடுவதும் பாட்டோடுதான். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஆனால் முதலில் பாட வேண்டியவன் வாள் பிடித்தவன். கவசம் போட்டு முன்னணியில் நிற்கும் பாணனை விளையாட்டு விதிகளில் தேடிக்கொண்டிருந்த பையனுக்கு, அவன் வீட்டு மூலையிலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இந்த நாடகங்களில் பெரும் புகழ் பெற்றது 'காறல்மான் சரிதம்'. ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் சக்கரவர்த்தியின் கதை. அவருடைய படையின் வீரர்களில் தலையானவன் ரோலான். 778இல் பிரெனே மலைக் கணவாயில் மாண்டவன். கொச்சியில் அவன் பெயர் ரோல்தான். இதே ரோலானைப் பற்றி ஐரோப்பாவில் வேறொரு கதையும் உண்டு. 1066இல் இங்கிலாந்தைப் பிடிக்க நார்மன் படை ஹேஸ்டிங்ஸ் களத்தில் இறங்கியபோது, தாயெஃபெர் என்ற பாணன் சார்லமேனையும் ரோலானையும் பாடிக்கொண்டு படைக்கு முன்னால் குதிரையில் போனானாம். முதல் வெட்டை வெட்டும் உரிமையை நார்மன் கோமகனிடம் கேட்டு வாங்கினானாம். 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வேஸ் இப்படி எழுதுகிறார். 1500இல் கொச்சிக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர்களின் வழியாக அந்தக் கதை இங்கேயும் வந்து, மீனவர்களின், தச்சர்களின் வாயில் பாட்டாயிற்று.

அந்தப் பாட்டின் மொழி தமிழ் என்பதுதான் தமிழ்நாட்டில் பலர் அறியாத செய்தி. பழைய சுவடிகளில் உள்ள பாட்டுகள் தமிழும் மலையாளமும் கலந்தவை; பழசாகப் பழசாகத் தமிழ் கூடுகிறது. காறல்மான் சரிதத்தை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பது மரபு. ஈழத்தில் இன்றும் கூத்துப் பழக்கும் ஆசானுக்கு அண்ணாவியார் என்றே பெயர். அந்தக் காலக் கொச்சியில் தமிழ் விருந்தாளி மொழி அல்ல. 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற தமிழ்நூல் 1579இல் அச்சானது கொச்சியில்தான். சவிட்டுநாடகம் பற்றி சபீனா ராஃபி 1964இல் வெளியிட்ட மலையாள நூல் இந்தக் கலையை மறதியிலிருந்து மீட்டதில் பெரும்பங்கு வகித்தது. பள்ளிக் கலைவிழாவில் போட்டி ஆனபின் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகக் கற்கிறார்கள்.

அப்பாப்பனுக்குச் சந்தோஷம்தான். குறை ஒன்றுதான். அந்த ஆண்டு பங்குத் திருவிழாவுக்கு நாடகம் போட்ட குழு, பாட்டு முழுவதையும் முன்னதாகவே பதிவு செய்துவிட்டது. நடிகர்கள் மிதித்தால் போதும், வாயசைத்தால் போதும். ரோல்தான் வேஷம் பேரனுக்கு. "வெட்டுகிறவன் ஒருவன், பாடுகிறவன் ஒருவன் என்றால் அது சண்டைக்காட்சி. சவிட்டுநாடகம் எங்கே?" என்று கிழவர் ஆசானிடம் சண்டைக்குப் போனார். ஆசான் மறுக்கவில்லை. "பையன்களுக்கு மூச்சு நிற்கவில்லை. பாடச் சொன்னால் மிதி தளர்கிறது, மிதிக்கச் சொன்னால் பாட்டு நிற்கிறது. உன் பேரன் பாடினால் அவன் பாட்டை மட்டும் பதிவிலிருந்து எடுத்துவிடுகிறேன்" என்றார்.

பயிற்சி வீட்டிலேயே தொடங்கியது. முதல் மாதம் பாட்டே கிடையாது. மிதி மட்டும். வீரபாத்திரத்துக்கு உரிய 12 அடவுகள், பிறகு வாளும் கேடயமும். "முதலில் வீரன், அப்புறம் பாணன்" என்று பேரன் நண்பர்களிடம் சொன்னபோது அவர்கள் முன்போலச் சிரிக்கவில்லை. இரண்டாவது மாதம் உட்கார்ந்தபடி பாட்டு. மூன்றாவது மாதம் இரண்டையும் சேர்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மூன்றாவது வரியில் மூச்சு முட்டியது. உடை, கேடயம், தலைக்கவசம் எல்லாவற்றையும் மசாலாக் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தான். ஏழு கிலோ. விளையாட்டில் 29 கிலோவைத் தாங்குகிறவனுக்கு இங்கே ஏழு கிலோ தாங்கவில்லை.

குற்றம் கவசத்தின் மேல் இல்லை என்பது வேறோர் இடத்தில் தெரிந்தது. அப்பாப்பனின் நோட்டுப் புத்தகத்தில் பாட்டுகள் மலையாள எழுத்தில் இருந்தன. அவருடைய ஆசான் சொல்லச் சொல்ல எழுதியது. பாதிச் சொற்களுக்கு அவருக்கே பொருள் தெரியாது. காதால் கேட்டதைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டவர் அவர். பேரன் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள டோபி கானாவுக்குப் போனான். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே உண்டு. அவன் அலுவலக உடுப்புகளுக்குப் பெட்டி போடும் பெரியவர் பழைய நாடகப் பாட்டுகளில் பிரியம் உள்ளவர்.

"பாடு தம்பி" என்றார். பாடினான். பெரியவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். "நீ சொல்லை நடுவில் ஒடித்து மூச்சு வாங்குகிறாயே. 'சமர்க்களம்' என்பது ஒரே சொல். சமர் என்றால் போர். 'சமர்க்' என்று நிறுத்தி மூச்சு விட்டால் அப்புறம் 'களம்' எங்கிருந்து வரும்?" அன்று மாலைவரை அவர் சொல் பிரித்துக் கொடுத்தார். பேரன் பென்சிலால் கோடு போட்டான். கோடு விழுந்த இடமெல்லாம் மூச்சு விடுகிற இடம். பொருள் முடியும் இடத்தில் மூச்சு தானாகவே தங்கியது. மிதியும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் விழுந்தது. பாட்டைக் கட்டியவர் மூச்சையும் காலையும் எண்ணித்தான் கட்டியிருக்கிறார். மொழி மறந்தபோது அந்தக் கணக்கும் சேர்ந்து மறைந்துபோயிருந்தது.

தமிழில் 'பொருநன்' என்று ஒரு சொல் உண்டு. வீரன் என்றும் பொருள், போர்க்களத்தைப் பாடுகிறவன் என்றும் பொருள். பத்துப்பாட்டில் கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் வருகிற பொருநனுக்குக் கவசம் இல்லை. பேன் பிடித்த ஒட்டுத் துணிதான். கரிகாலன்தான் அவனுக்குப் புதுத்துணி கொடுக்கிறான். இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழி அது. அவர்களை ஒரே உடலுக்குள் வைத்துப் பார்க்கக் கொச்சிக் கடற்கரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

திருவிழா இரவு. கோயில் முற்றத்தில் பலகை மேடை. மற்ற பாத்திரங்கள் பதிவுக்கு வாயசைத்தார்கள். ரோல்தான் வந்தபோது ஒலிபெருக்கி அடங்கியது. சில கணங்கள் மிதியோசை மட்டும். பிறகு ஒரு குரல், பதிவில் வந்ததைவிடச் சின்னதாக, கொஞ்சம் கரகரப்பாக. முன்வரிசைக் குழந்தைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அது மேடையில் இருக்கிற ஆளின் குரல் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எதிரியோடு வாள் மோதும் இரண்டாம் சுற்றில், சுழன்று கேடயத்தைத் தூக்கியபோது குரல் அறுந்தது. பின்பாட்டுக்காரர்கள் இருவர் ஓடிவந்து அடியை எடுத்தார்கள். அடுத்த வரியை அவனே மறுபடி பிடித்துக்கொண்டான்.

இரவு இரண்டு மணிக்கு நாடகம் முடிந்தது. முகத்து அரிதாரம் வேர்வையில் வழிய, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேரன் வந்து நின்றான். "ஓரிடத்தில் விட்டுவிட்டேன் அப்பாப்பா."

"கேட்டேன்" என்றார் கிழவர். "மூச்சு எல்லோருக்கும் போகும் மோனே. எனக்கும் போயிருக்கிறது. உனக்குச் சொல் முடிந்த இடத்தில் போயிற்று. அது போதும்."

இரண்டு நாள் கழித்து நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். பத்தாம் வகுப்பு. நாடகத்தில் அவன் கட்டியக்காரன், சிரிக்க வைக்கிற வேஷம். அவனுக்குக் கவசம்கூடக் கிடையாது. அடுத்த வருஷம் தன் பாட்டைத் தானே பாட வேண்டுமாம். அப்பாப்பன் நோட்டைக் கொடுப்பதற்கு முன்னால், பென்சில் கோடுகள் அழிந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.