மலை மேல் பழி போடாதீங்க சார்!

சேலத்தில் பஸ் ஏறி ஏற்காடு போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அடிவாரம் வரை அரசியல், சினிமா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு தூள் பறக்கும். ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பஸ்ஸே மௌன விரதம்! ஒருவர் கொட்டாவி விடுவார். இன்னொருவர் எச்சில் விழுங்குவார். மூன்றாமவர் சுண்டு விரலைக் காதுக்குள் விட்டு, மோட்டாரில் மண் எடுப்பது போலக் குடைவார்.

காரணம் சிம்பிள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, உள்ளே வெளியே அழுத்தத்தைச் சமன் செய்யும். ஏறும்போது காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் அடம் பிடிக்கும், அதுவும் ஜலதோஷம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆக, ஏற்காட்டில் வேலை பார்க்கிற எங்களுக்குக் காது அடைப்பது என்பது சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பது மாதிரி. யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கேதான் சார் வினை!

எங்கள் ஆபீஸ் கேஷியர் தினமும் சேலத்திலிருந்து மலை ஏறி வருகிறவர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். போன் வந்தால் ரிசீவரை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் நோட்டு எண்ணுவார். பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை அவர் ரிசீவரை வலது காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சைடு மாறியாச்சு?"

"காது அடைச்சிருக்குப்பா. மலைதான். சாயங்காலம் இறங்கினா சரியாயிடும்."

"எப்போலேர்ந்து?"

"நேத்து காலைல தூங்கி எழுந்ததுலேர்ந்து. உள்ளே கொய்ங்னு ஒரு சத்தம் வேற."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மனுஷர் சேலத்தில் வீட்டில் இருந்திருக்கிறார். மலையே ஏறாதவருக்கு மலை எப்படிக் காதை அடைக்கும்?

இதைக் கேட்டதும் ஆபீஸே மருத்துவர் குழுவாக மாறிவிட்டது. ஒருவர் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி விடச் சொன்னார். இன்னொருவர் பூண்டு. டீ கொண்டுவரும் பையன் "மிளகு ரசம் சார்" என்றான். மூன்று பேருமே பூரண நம்பிக்கையோடு சொன்னார்கள். கேஷியருக்குச் சுகர் வேறு. "ஒரு வாரம் பார்க்கலாம்" என்றார். "இன்னிக்கே பார்க்கலாம் சார்" என்றேன். எனக்கு அரை நாள் லீவு போயிற்று.

அடுத்த கேள்வி, எந்த டாக்டரை? பல்லுக்கும் கண்ணுக்கும் தெருவுக்குத் தெரு போர்டு தெரிகிறது. காது, மூக்கு, தொண்டை என்றால் மட்டும் ஊர் கையை விரிக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஒரு பெயர் சொன்னார். விசாரித்தால் எலும்பு டாக்டர்! செல்போனில் தேடினேன். முதலில் வந்தது குழந்தைகளுக்குக் காது குத்தும் நகைக்கடை. அடுத்தது 'இலவசக் காது பரிசோதனை' என்று ஒரு கடை. அங்கே பரிசோதனை இலவசம்தான், மெஷின் இலவசமில்லை. மெஷின் வேண்டுமா என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர் அல்லவா? முதலில் டாக்டர், அப்புறம்தான் மெஷின்.

அன்றைய அலைச்சலில் படித்த பாடத்தை உங்களுக்கு இலவசமாகவே தருகிறேன். போர்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.எஸ். இ.என்.டி., டி.என்.பி. இ.என்.டி. அல்லது டி.எல்.ஓ. என்று இருக்கிறதா பாருங்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எதுவும் புரியவில்லையா? நேரே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், காது மூக்கு தொண்டைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். 1986-ல் தொடங்கிய கல்லூரி. புறநோயாளிகளைப் பார்ப்பது காலை வேளையில். நாங்கள் கீழே இறங்கியது சாயங்காலம் என்பதால், ஐந்து ரோடு பக்கம் ஒரு தனி கிளினிக்கில் டோக்கன் வாங்கினோம். நம்பர் 31. அப்போது உள்ளே போயிருந்தது நம்பர் 9.

காது டாக்டர் கிளினிக்கில் காத்திருப்பது தனி அனுபவம். டோக்கன் நம்பரை நர்ஸம்மா கூப்பிடுவார். பாதிப் பேருக்குக் கேட்காது!

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை. ஜவ்வு நன்றாக இருக்கிறது. "அப்பாடா" என்றார் கேஷியர். டாக்டர் 'அப்பாடா' சொல்லவில்லை. ஒரு இரும்புக் கவைக்கோலைத் தட்டி, கேஷியரின் நெற்றி நடுவில் வைத்தார். இசைக்கவை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். 1711-ல் இங்கிலாந்தில் ஜான் ஷோர் என்ற ட்ரம்பெட் வித்வான் சுருதி சேர்க்கச் செய்தது, இன்று டாக்டர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

"சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

டாக்டர் முகம் மாறியது. பிறகு எங்களுக்கு விளக்கினார். காதில் அழுக்கோ நீரோ அடைத்திருந்தால், அந்தச் சத்தம் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நல்ல காதுக்கு ஓடினால், கோளாறு உள்ளே நரம்புப் பக்கம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகினாலும் ஓரளவு இதே குறிப்பு கிடைக்குமாம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து எடுத்த ஆடியோகிராம் அதை உறுதி செய்தது. திடீர்ச் செவித்திறன் இழப்பு. பெரும்பாலும் காரணமே தெரியாதாம். ஆனால் இதற்குக் கெடு உண்டு. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும்.

"மலைன்னு நினைச்சு ஒரு மாசம் கழிச்சு வர்றவங்கதான் ஜாஸ்தி" என்றார் டாக்டர். கேஷியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சில்லறைகூடக் கேட்காமல் கொடுத்ததில்லை.

சுகர் இருப்பதால் தினமும் ரத்தப் பரிசோதனையோடு மாத்திரை. கடையில் நாமே வாங்கி விழுங்குகிற சமாசாரம் இல்லை இது. நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய ஒரு ஸ்கேன். மூன்றாவது வாரம் மறுபடி ஆடியோகிராம். முக்கால்வாசி திரும்பியிருந்தது. மீதிக் கால்வாசி வரவில்லை. இனி வராது போலிருக்கிறது. அவர் பெண் வெளியூரிலிருந்து போனில் மெல்லிய குரலில் பேசினால், இப்போதும் வலது காதுக்குத்தான் மாற்றிக்கொள்கிறார்.

மலை ஏறி இறங்கி அடைத்த காது, பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் 'டொப்'பென்று திறந்துவிடும். திறக்காமல் அடுத்த நாளும் தொடர்ந்தால், அல்லது மலையே ஏறாமல் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மந்தமானால், எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள். பஸ்ஸைப் பிடியுங்கள்.

கேஷியர் மறுபடி நோட்டு எண்ணுகிறார். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் கொஞ்சம் சிரமம்தான். ஆனால் மானேஜர் வந்து, "சனிக்கிழமை கொஞ்சம் லேட்டா இருந்து கணக்கை முடிச்சிடுங்களேன்" என்றால் மட்டும், திரும்பி இடது காதைக் காட்டுகிறார்!