ஜாமீன் கையெழுத்தும் இரண்டு அங்குலமும்

  கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மே மாதம் ஒரு மத்தியானம் திருவொற்றியூர் வீட்டுக்குப் பழைய மாணவன் ஒருவன் வந்தான். 1988-ல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். பத்தாவதோடு நிறுத்திவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போனவன். இப்போது காசிமேட்டில் சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறான். எப்போது வந்தாலும் மீனோடுதான் வருவான். அன்று வாழைப்பழம். "தடைக்காலம் சார், பழம்தான்" என்றான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது அல்லவா.

காபி குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். "சார், ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும். பென்ஷன்காரர் யாராவது போட்டா லோன் தர்றோம்னு சொல்லிட்டாங்க."

அடுக்களையில் டம்ளர் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று உறவினர்களுக்குத் தெரியும்.

எதற்குக் கடன் என்று கேட்டேன். படகில் இருப்பது 120 குதிரைத்திறன் எஞ்சின். இரண்டு வருஷமாகக் கரும்புகை கக்குகிறது. டீசல் தண்ணீராகச் செலவாகிறது. வால்வு ஒருமுறை எரிந்துபோய்விட்டது. எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை, 180 குதிரைத்திறனில் வேறு வாங்கப் போகிறேன் என்றான். வீட்டில் நகைகள் ஏற்கெனவே அடகில் இருந்தன.

எனக்குக் கணக்கும் அறிவியலும் தெரியும், எஞ்சின் தெரியாது. அதனால் எண்ணூர் அசோக் லேலண்டில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "மாமா, எஞ்சின் தகட்டுல எத்தனை ஆர்.பி.எம். போட்டிருக்கு? முழுசா முறுக்கினா எத்தனை வருது?"

தகட்டில் 1800. வருவது 1550.

"அப்போ எஞ்சின் மேல குறை இல்ல. அதால தூக்க முடியாத சுமையைக் கட்டி இருக்காங்க. விசிறியை மாத்தினாரான்னு கேளுங்க."

மாற்றியிருந்தான். படகோடு வந்த விசிறி 36-க்கு 24. இரண்டு வருஷத்துக்கு முன் அதை எடுத்துவிட்டு 38-க்கு 26 போட்டிருக்கிறான். "பக்கத்து போட்டுக்காரர் 38 போட்டாரு சார். நல்லா ஓடுச்சு. ரெண்டு இஞ்சுதானே சார்?"

மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போனேன். படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அடிப்பகுதி முழுசாக வெளியே தெரிந்தது. நான்கு இதழோடு அந்த விசிறி பளபளவென்று இருந்தது. ஆசைப்பட்டு வாங்கியது பார்த்தாலே தெரிந்தது. அங்கேயே ஒரு வலைக்குவியல் மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

விசிறியின் அளவில் முதல் எண் விட்டம். இரண்டாவது எண்ணை 'பிட்ச்' என்பார்கள். திருகாணி ஒரு சுற்றுக்கு மரத்துக்குள் இவ்வளவு இறங்கும் என்கிறோமே, அதே புரியிடைத் தூரம்தான். 24 என்றால், நழுவாமல் போனால் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. எஞ்சின் 1800 சுற்றும்போது கியர் அதை மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது, விசிறி 600 சுற்றும். நிமிஷத்துக்கு 1200 அடி, கிட்டத்தட்ட 12 நாட் வேகம். படகு போவதோ எட்டு, எட்டரை நாட். தண்ணீர் மரம் இல்லையே, மீதியெல்லாம் நழுவல். அதில் தவறில்லை, எல்லாப் படகிலும் உண்டு.

அந்த "ரெண்டு இஞ்சு"க்கு வருவோம். சுற்றும் வேகம் மாறாமல் ஒரு விசிறி கேட்கும் திறன், அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குப்படி ஏறும். 38-ஐ 36-ஆல் வகுத்து, அதை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். 1.31 வரும். இரண்டு அங்குலம் கூடியதற்கு 31 சதவீதம் அதிகத் திறன் வேண்டும். 120 குதிரை இழுக்கிற வண்டியில் 157 குதிரைக்கான பாரம். எஞ்சின் 1800-க்கு ஏற முடியாமல் 1550-லேயே திணறுகிறது. டீசல் முழுசாக எரியாமல் புகையாகிறது, சூட்டில் வால்வு போகிறது. வலை இழுக்கும்போது படகு மூன்று நாட் வேகத்தில் ஊர்வதால் பாரம் இன்னும் கூடும். பக்கத்து படகில் 38 நன்றாக ஓடியதற்குக் காரணம், அதில் இருப்பது 180 குதிரைத்திறன் எஞ்சின்.

"அப்போ நானும் 180 போட்டா சரியாயிடும்ல சார்?" என்றான்.

புகை குறையும், வேகம் பெரிதாக ஏறாது என்றேன். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்துக் கண்டது இது. இந்த மாதிரிப் படகு ஓடும்போது தானே ஒரு அலையை எழுப்புகிறது. அந்த அலை படகு நீளத்துக்கு வந்தபின், மேலே ஏறவே முடியாமல் திணறும். தண்ணீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை வரும். இவன் படகுக்கு 45 அடி. விடை ஒன்பது நாட். அதற்கு மேல் எத்தனை குதிரை பூட்டினாலும் டீசல்தான் போகும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்.

"சார், நைன்த்துல திருகு பாடம் நடத்தினப்போ நான் ஒண்ணு கேட்டேன். போட்டுல கீற விசிறியும் திருகுதானா சார்னு. 'அது பரீட்சைக்கு வராது, உக்காரு'ன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவனுக்கு இருந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்கான பதிலை அங்கேயே சொன்னேன். திருகுதான் தம்பி. 1836-ல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய புரொப்பல்லர் நிஜமாகவே மரத்தில் செய்த நீளமான திருகு. மறுவருஷம் லண்டனில் ஒரு கால்வாயில் ஓட்டிப் பார்க்கும்போது எதிலோ மோதி அதில் பாதி ஒடிந்துபோனது. ஒடிந்த பிறகு படகு முன்னைவிட வேகமாக ஓடியது! பெரிசாக இருந்தால் நல்லது என்று இல்லை, பொருத்தமாக இருக்க வேண்டும். இதை 1988-லேயே சொல்லியிருந்தால் ஒரு வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கும்.

பழைய விசிறி அவன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. ஓர் இதழ் வளைந்திருந்தது, ஓரமெல்லாம் அரித்திருந்தது. ராயபுரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி, நான்கு இதழும் ஒரே பிட்ச்சில் இருக்கிறதா என்று அளந்து, எடை சமன் பார்த்து வாங்கினோம். ஒரு இதழ் மட்டும் மாறினாலும் தண்டு அதிரும். இன்னொன்றும் அங்கே கவனித்தேன். 38 போட்டபோது இதழ் நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே மூன்று அங்குலம்கூட இல்லை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும்.

அவனுக்கு இருந்த பெரிய தயக்கம் காசு இல்லை. "சின்ன விசிறிக்கு இறங்கிட்டான்னு துறைமுகத்துல சிரிப்பாங்க சார்." அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அவன் மனைவிதான் சொன்னார்: "சிரிக்கிறவன் வந்து நகையை மூட்டுக் குடுப்பானா?"

தடை முடிந்ததும் போன் வந்தது. டீசலும் ஐஸும் ஏற்றி, முழுப் பாரத்தோடு முறுக்கிப் பார்த்திருக்கிறான். 1780. புகை நன்றாகக் குறைந்துவிட்டது. வேகம் எட்டிலிருந்து எட்டரை. டீசல் எவ்வளவு மிச்சம் என்பது இன்னும் நாலைந்து தடவை போய்வந்தால்தான் தெரியும் என்றான். எரிந்த வால்வும் 38-க்குக் கொடுத்த காசும் போனது போனதுதான். ஆனால் புதுக் கடன் இல்லை. ஜாமீன் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

படகு வைத்திருக்கும் மாணவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அடுத்தவர் படகைப் பார்த்து விசிறி வாங்காதீர்கள். முழுப் பாரத்தில், முழு ஆக்ஸிலேட்டரில், தகட்டில் உள்ள ஆர்.பி.எம். வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் விசிறி அதிகம். தாண்டினால் விசிறி குறைவு. எஞ்சினைக் குறை சொல்வது அதற்கு அப்புறம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் வகுப்பில் நீங்கள் எழுந்து கேட்டு, நான் "உக்காரு" என்று சொன்ன கேள்வி ஏதாவது பாக்கி இருந்தால் கீழே எழுதுங்கள். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் மைத்துனருக்குப் போன் போடுகிறேன்.