ஸ்டாப்பரின் இரண்டாவது ஒப்பந்தம்

கால்பந்து கிளப்பில் இளம் ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்) போடும் முதல் ஒப்பந்தத்தில் பேரத்துக்கு இடம் குறைவு. பத்தொன்பது, இருபது வயதில் நீட்டிய தாளில் கையெழுத்து, அவ்வளவுதான். பேரம் தொடங்குவது இரண்டாவதில். அப்போது வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருக்கும். ஸ்டாப்பரின் ஆட்டம் பழுப்பது பெரும்பாலும் இருபத்தைந்துக்கு மேல். ஆகவே காயைப் பார்த்துப் பழத்துக்கு விலை பேச வேண்டியிருக்கிறது.

முன்கள வீரருக்குக் கோல் கணக்கு உண்டு. நன்றாக இடம்பிடித்து நிற்கும் ஸ்டாப்பரோ பல நேரம் பந்தையே தொடுவதில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் கார்னர் உதைக்கு முந்தைய இரண்டு நொடிகளைப் பார்ப்பார்கள். பையன் பந்தையே முறைத்துக்கொண்டு நிற்கிறானா, அல்லது ஒருமுறை பின்னால் திரும்பிவிட்டுப் புறங்கையால் எதிராளியின் இடுப்பைத் தொட்டு வைத்துக்கொள்கிறானா? திருவனந்தபுரம் கடற்கரைக் கிராமமான பொழியூரின் மணலில் விளையாடும் சிறுவர்களிடம்கூட இந்த வித்தியாசம் தெரியும். ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பத்தி கிடையாது. ஆனால் தொகை இதை வைத்துத்தான் ஏறும், இறங்கும்.

ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே மூன்று ஆண்டு. கடைசி ஆறு மாதத்தில் வீரர் வேறு கிளப்போடு பேசலாம். அதனால் முதல் ஒப்பந்தத்தில் ஓராண்டாவது மிச்சம் இருக்கும்போதே கிளப் நீட்டிப்புப் பேச்சை எடுத்துவிடும். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்பான கேரளா பிளாஸ்டர்ஸ் 2022-இல் அப்படித்தான் செய்தது. மணிப்பூரின் ஹோர்மிபாம் ருயிவாவுக்கு 2027 வரையும், திருவனந்தபுரத்துக்காரர் பிஜோய் வர்கீஸுக்கு 2025 வரையும் நீட்டிப்பு. இருவரும் ஸ்டாப்பர்கள். ஹோர்மிபாம் அணியில் நிலைத்தார். பிஜோய் 2023-இல் இன்டர் காசிக்கு லோனில் போனார். ஒரே கிளப், ஒரே ஆண்டு. கணிப்பு என்பது இவ்வளவுதான்.

குறுகிய ஒப்பந்தம் பாதுகாப்பானது என்ற எண்ணம் கிளப்களிடம் உண்டு. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அதற்கு நல்ல பாடம். 2013 ஜனவரியில் மான்ட்ரியால் அணி தன் இளம் தடுப்பாட்டக்காரர் பி.கே. சுப்பானுக்கு இரண்டே ஆண்டு கொடுத்தது, ஆண்டுக்குச் சராசரி 28.75 லட்சம் டாலர். அதே பருவத்தில் அவர் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வென்றார். 2014-இல் அவரை வைத்துக்கொள்ள எட்டு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது. நாஷ்வில் அணி 2013 ஜூனிலேயே ரோமன் யோசிக்கு ஏழு ஆண்டு, 2.8 கோடி டாலர் என்று முடித்துவிட்டது. 2020-இல் நாரிஸ் அவருக்கு. மலிவாக வாங்கியது நாஷ்வில்தான். யோசி விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு.

வீரர் பக்கம் நின்று பார்த்தால், நீளத்தைவிட உள்ளே இருக்கும் வரிகள் முக்கியம்: சம்பளம் ஆண்டுதோறும் ஏறுகிறதா, வெளியேறும் தொகை எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா, காயத்தில் கிடக்கும் மாதங்களுக்கு முழுச் சம்பளமா. இருபத்தெட்டு வயதுக்குமுன் போட்ட ஒப்பந்தத்தை முதல் மூன்று ஆண்டுக்குள் காரணமின்றி முறித்தால் ஆடத் தடை வரும். நீட்டித்தால் அந்த மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். கையெழுத்திடும் பல பையன்களுக்கு இது தெரியாது.

தாளில் எழுதிய காலமும் களத்தில் கழியும் காலமும் ஒன்றல்ல. பிளாஸ்டர்ஸில் 2014 முதல் ஆறு ஆண்டு இருந்த ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன் 2020-இல் ஏடிகே மோகன் பகானுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார். மறு ஆண்டே குரோஷியா, 2022-இல் பெங்களூரு.

2025 ஜூலையில் ஐஎஸ்எல்லே நிறுத்திவைக்கப்பட்டு, சில கிளப்கள் சம்பளத்தையும் நிறுத்தியபோது, நீண்ட ஒப்பந்தக்காரர்கள் இன்னொரு சிக்கலைக் கண்டார்கள். கையில் ஒப்பந்தம் இருக்கும்வரை, கேரளத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் உள்ளூர்ப் போட்டியான செவன்ஸ் ஆடக் கிளப் விடாது. செவன்ஸிலோ ஆட்டம் முடிந்த ராத்திரியே பணம் கைக்கு வந்துவிடும்.