அலவத்துகொடயிலிருந்து ஓட்டிய படகு

அலவத்துகொடயிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு மணித்தியாலக் கணக்கில் பஸ்ஸில் இருக்கணும். அப்படியிருந்தும் போன வருசம் ஒரு படகின் ஓட்டோபைலட்டை செட் பண்ணும் வேலை எங்களிடம் வந்து சேர்ந்தது. எங்களில் ஒருவரின் மாமா மகன், எங்கள் எல்லோருக்குமே நானா, வளைகுடாவில் ஒரு பாய்மரப் படகில் வேலை செய்கிறார். "படகு ராவெல்லாம் பாம்பு மாதிரி நெளியுது, விடிய முந்தி பேட்டரி இறங்கிடுது. மெனுவல் இங்கிலிஷ்ல. நீங்க படிச்சு சொல்லுங்க" என்று வொய்ஸ் அனுப்பினார். அந்த வாரக் கடைசியில் அவரும் படகோட்டியும் மட்டும் இரண்டு ராத்திரிப் பயணம் போகவேண்டியிருந்தது. இரண்டே பேர் என்றால் ஓட்டோபைலட்தான் மூன்றாவது ஆள். அது சொதப்பினால் யாருக்கும் தூக்கமில்லை. கப்பல் போகும் பாதையில் தூக்கக் கலக்கம் விளையாட்டில்லை.

நாங்கள் முதலில் தேடியது செட்டிங்கை அல்ல, கம்பாஸை. மெஷினுக்கு கண் அதுதான். பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் பொய் சொல்லும். "கம்பாஸ் எங்க இருக்கு, பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டோம். கட்டிலுக்குக் கீழேயாம். கட்டிலில் யாரோ வைத்த ஸ்பீக்கர்! அதை எடுத்துவிட்டு, அலையில்லாத இடத்தில் மெதுவாக வட்டமடித்து கம்பாஸை மறுபடி பழக்கச் சொன்னோம்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் நெளிந்தது. அங்கேதான் கெயின் வருகிறது. திசை இத்தனை பாகை விலகினால் சுக்கானை எவ்வளவு திருப்புவது என்பதுதான் அது. கூடினால் ஒவ்வொரு திருத்தமும் கோட்டைத் தாண்டிப்போகும், பிறகு அதைத் திருத்த இன்னொன்று. புதுசா சைக்கிள் பழகுறவன் ஹேண்டிலை ஆட்டுறமாதிரி. ஒவ்வொரு ஆட்டலுக்கும் மோட்டார் கரண்ட் குடிக்கும். குறைந்தால் படகு சோம்பலாக அலையும். சோதிக்க ஒரு வழி மெனுவலில் இருந்தது: 40 பாகை திருப்பிப் பாருங்கள், புதிய திசையை 5 பாகைக்கு மேல் தாண்டக்கூடாது. தாண்டினால் எதிர்ச்சுக்கானையும் பார்க்கணும். அது, திரும்பிக்கொண்டிருக்கும் படகை நேரத்தோடு எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்துவது.

இதெல்லாம் பெரிய ரகசியமில்லை. 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி தானாக ஓடும் கப்பல்களைப் பற்றி எழுதிய கட்டுரை, நல்ல சுக்கான்காரர் செய்வதையே கணக்காக்கியது: எவ்வளவு விலகியிருக்கு, எவ்வளவு நேரமா விலகியிருக்கு, எவ்வளவு வேகமா விலகுது. எங்களுக்குப் பிடித்தது மூன்றாவது. ஏ9இல் கட்டுகஸ்தோட்டை வளைவுகளை எடுக்கும் பஸ் சாரதியும் அதைத்தான் பார்க்கிறார், பாடத்தில் படிக்காமலே.

புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபர் 2 கோவாவிலிருந்து ஐஎன்எஸ்வி தாரிணியில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 திரும்பினார்கள். 56 அடிப் படகு, இரண்டு பேர், எட்டு மாசம். நானாவின் பிரச்சினைக்குப் பிறகு அந்தச் செய்தியை வேறு கண்ணோடு வாசித்தோம். யார் எப்போது தூங்குவாங்க என்பதே முதல் கேள்வியாக வந்தது.

கெயினை ஒவ்வொரு படியாக இறக்கச் சொன்னோம், ஒரே தடவையில் ஒரு செட்டிங்தான். மூன்றாவது படியில் பின்னால் நுரை நேராக விழுந்த வீடியோ வந்தது. வேகம் கூடினால் சுக்கான் இன்னும் பலமாக வேலை செய்யும், அப்போ மறுபடி குறைக்கணும் என்று நினைவூட்டினோம். பயணத்தின் இரண்டாம் காலை பதில் வந்தது, "பேட்டரி இன்னும் இருக்கு. நான் நாலு மணித்தியாலம் தூங்கிட்டேன்."