கொப்பியும் நம்பிக்கையும்

மாத்தளையில் எங்கள் மிளகுக் கடையில் வாப்பாவுடன் 14 வருடங்கள் தோள்கொடுத்த மாமா, 2022இல் கட்டாருக்குப் பயணமானார். அவ்வருடம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழில் தேடிச் சென்றனர். அவர்களில் அவரும் ஒருவர்.

மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். அதனால் நிறுவையில் ஒரு கிராம்கூட விவசாயிக்குக் குறையவிடமாட்டார். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும் மிளகே நன்றாகக் காய்ந்தது என்று எனக்குச் சொல்லித்தந்தவரும் அவர்தான்.

கடைசி வாரம், உக்குவளை, ரத்தோட்டை விவசாயிகளுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியையெல்லாம் கொப்பியில் எழுதி முடித்தார்.

"கணக்கப் பாருங்க நானா."

வாப்பா கொப்பியைத் திறக்கவேயில்லை.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார். இருவர் கண்களும் கலங்கின.

அடுத்த அறுவடைக்கு வந்த விவசாயிகள் முதலில் அவரைத்தான் விசாரித்தார்கள். பிறகு, மூட்டைகளை எங்கள் தராசிலேயே வைத்தார்கள்.