கிணத்துல நீச்சல்... கடலோரம் நடை மட்டும்!

நம்ம பசங்களுக்கு டூர்னா ரெண்டே டைப்தான். ஒண்ணு, காலேஜ் பஸ்ல ராத்திரி முழுக்க ஆட்டம் போட்டுட்டு, போன இடத்துல தூங்கிட்டு வர்றது. இன்னொண்ணு, பைக்ல கொல்லிமலை ஏறி 70 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிட்டு இறங்கறது. ரெண்டு டூர்லயும் ஒரு ஆள் மட்டும் மிஸ்ஸிங். யாருன்னு கேக்கறீங்களா? டூருக்குக் காசு கொடுத்த ஆள்தான் பாஸ்!

இந்தத் தடவை அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போறோம். அதுவும் கடலுக்கு.

எங்க ஊர் நாமகிரிப்பேட்டை. ராசிபுரத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் போதமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை, நடுவுல மஞ்சக்காடும் குச்சிக்கிழங்குக்காடும். கடல்ங்கறது எங்களுக்கு டி.வி. சமாச்சாரம். எங்க ஆயாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, கடலைப் பார்த்ததே இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு பரமத்தி வேலூர் காவிரியில ஒரு முழுக்கு போடறதோட சரி. ஒவ்வொரு தடவையும் கரையில நின்னு தலையைத் துவட்டிக்கிட்டே ஒரே கேள்வியைக் கேக்கும். "இந்தத் தண்ணியெல்லாம் எங்கடா போவுது?"

கூகுள்ல காட்டினா அதுக்குப் புரியாது. அதனால கிளம்பிட்டோம்.

நாள் குறிக்கிறதுதான் முதல் போராட்டம். செவ்வாய்க்கிழமைன்னா அப்பா அசைய மாட்டார், அன்னைக்கு ஊர்ல மஞ்சள் ஏலம். மஞ்சள் வெட்டு தொடங்கிட்டா பங்குனி வரைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில அந்தப் பக்கம் மழை கொட்டும். சித்திரையில மணல்ல கால் வெக்க முடியாது. பொங்கல் முடிஞ்ச கையோட ரெண்டு நாள் கிடைச்சது, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டோம். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். அதை முதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் வேன் பேசுங்க.

ரூட்டு இதுதான்: நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி. சுமார் 280 கி.மீ. கும்பகோணம் தாண்டி மயிலாடுதுறை போற வழியில நரசிங்கம்பேட்டைன்னு ஒரு ஊர் வரும். நாதஸ்வரம் செய்யற ஊர். 2022-ல புவிசார் குறியீடுகூட வாங்கிடுச்சு. 1981-ல பத்மஸ்ரீ விருது வாங்கின நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனோட ஊர்க்காரங்க நாங்க, சும்மா தாண்டிப் போக முடியுமா? வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிச்சுட்டுத்தான் போனோம்.

சரி, ஏன் தரங்கம்பாடி? மெரீனா இல்லையா, வேளாங்கண்ணி இல்லையா? இருக்கு. ஆனா மூட்டுவலிக்காரங்களைக் கூட்டிட்டுப் போனா, பீச்சுல ஒரு மூலையில உக்கார வெச்சுட்டு நாம மட்டும் சுத்துவோம். தரங்கம்பாடியில அப்படி இல்லை. ஊர் வாசல்ல இருந்து கடல் வரைக்கும் நேரா ஒரே தெரு. 1792-ல கட்டின கோட்டைவாசல்ல நுழைஞ்சு, ராஜா தெருவுல மெதுவா நடந்தாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ள அலைச் சத்தம் கேட்டுடும். வண்டித் தொல்லை குறைவு. நடுவுல நின்னு மூச்சு வாங்க ரெண்டு சர்ச் இருக்கு. சீயோன் ஆலயம் 1701, புதிய எருசலேம் ஆலயம் 1718.

ரெண்டாவது சர்ச்சுல கொஞ்ச நேரம் நில்லுங்க. அங்க அடக்கமாகி இருக்கிறவர் சீகன்பால்கு. ஜெர்மன்காரர். 1706-ல இங்க வந்து இறங்கினப்போ அவருக்கு 24 வயசு நிறைய ஒரு நாள் பாக்கி. கிட்டத்தட்ட உங்க வயசு! திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல எழுதித் தமிழ் கத்துக்கிட்டார்னு சொல்வாங்க. 1715-ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சார். 1719-ல 36 வயசுல போயிட்டார். நாம செமஸ்டர் அரியரையே முடிக்கலை!

தெரு முடியற இடத்துல டேனிஷ் கோட்டை. 1620-ல தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க கட்டினது. 1845-ல ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. உள்ளே மியூசியம் உண்டு, எந்த நாள் லீவுன்னு கேட்டுட்டுப் போங்க. அப்பாவுக்கு மியூசியம் பிடிக்கலை. கோட்டையோட சரக்கு அறைகளைத்தான் ஒவ்வொண்ணா எட்டிப் பார்த்தார். "மிளகு மூட்டை அடுக்கியிருப்பாங்க. சுவரு இவ்வளவு கனமா இருந்தா ஈரம் ஏறாது"ன்னு ஒரு கமென்ட். மஞ்சள் மூட்டை அடுக்கின அனுபவம்!

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல, 14-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கட்டினது. அதோட முன்பகுதியைக் கடல் சாப்பிட்டுடுச்சு. இப்போ பாறாங்கல் கொட்டித் தடுத்து வெச்சிருக்காங்க. அந்தக் கல்லு மேல ஏறி போட்டோ எடுக்கறேன்னு யாராவது சொன்னா காலை ஒடிச்சு வேன்ல உக்கார வெச்சுடுங்க. பாசி வழுக்கும்.

நடக்கற டெக்னிக் ஒண்ணு. காய்ஞ்ச மணல்ல கால் புதையும், மூட்டு போயிடும். அலை வந்து திரும்பின ஈர மணல் சிமென்ட் தரை மாதிரி கெட்டியா இருக்கும். பெரியவங்களை அதுல நடக்க விடுங்க, செருப்பு உங்க கையில இருக்கட்டும். காலை 6-ல இருந்து 8, சாயங்காலம் 4-க்கு மேல. பொம்பளைங்க கூட வந்தா பாத்ரூம் விஷயத்தை ஓட்டல்லயே முடிச்சுட்டுப் போங்க, கரையில தவிச்சுப் போயிடுவாங்க. அப்புறம், "இங்க ஓசோன் காத்து வீசுது, இழுத்து மூச்சு விடுங்க"ன்னு யாராவது சொல்வாங்க. ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது. அந்தக் கடல் வாசனை நுண்ணுயிர்கள் வெளிவிடற கந்தகம் கலந்த வாயு. காத்து சுகமா இருக்கு, அது போதாதா?

இப்போ சீரியஸா ஒரு விஷயம்.

கூட வந்த சித்தப்பா பையன் எங்க தோட்டத்துக் கிணத்துல மோட்டார் ரூம் மேல இருந்து தலைகீழாப் பாயறவன். எங்க பக்கத்துப் பசங்க எல்லாருமே கிணத்து நீச்சல்தான். சாயங்காலம் அவன் அலை குறைவா இருந்த இடமாப் பார்த்து இடுப்பளவு இறங்கினான். ரெண்டு பக்கமும் அலை உடையுது, நடுவுல மட்டும் தண்ணி அமைதியா, கொஞ்சம் கருப்பா இருந்துச்சு. அதுதான் சேஃப்னு நினைச்சான். பார்த்துக்கிட்டே இருக்கோம், ஆள் தள்ளிப் போறான். கரையைப் பார்த்து நீந்தறான், தூரம் அதிகமாகுது. வலை காய வெச்சுக்கிட்டிருந்த மீனவர் அண்ணன் ஒருத்தர் ஓடி வந்து கத்தினார். "எதிர்த்து நீந்தாதே தம்பி! மிதந்துக்கிட்டே பக்கவாட்டுல வா!" பக்கவாட்டுல வந்தான். அவரே இறங்கிப் பிடிச்சு இழுத்துப் போட்டார்.

அலையா வந்த தண்ணி திரும்பிப் போக ஒரு வழி வேணும் இல்லையா? அந்த வழிதான் அமைதியாத் தெரியற இடம். கிணத்துல தண்ணி உங்களை எங்கேயும் கூட்டிட்டுப் போகாது, கடல்ல போகும். இழுப்புல மாட்டினா கரைக்கு இணையாத்தான் நீந்தணும், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பணும். கையைத் தூக்கிக் கத்தணும், வெட்கப்படக் கூடாது. முட்டிக்கு மேல இறங்காம இருந்தா இந்த வேலையே இல்லை.

அப்பா ஒரு வார்த்தை பேசலை. ஆயாதான் அவன் தலையில நாலு போட்டு, முந்தானையில துவட்டி விட்டுச்சு. அந்த அண்ணனுக்கு அப்பா பணம் கொடுக்கப் போனார், அவர் வாங்கலை. 2004 சுனாமியில இந்தக் குப்பமும் சிதைஞ்ச இடம். அப்போ இது நாகப்பட்டினம் மாவட்டம், மாவட்டம் முழுக்க 6,000 பேருக்கு மேல இறந்தாங்க. அவர் அதைப் பத்தி எதுவும் சொல்லலை, நாங்களும் கேக்கலை. "பெரியவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில பூம்புகார். வடக்கே 20 கி.மீ. சொச்சம். ஆயாவோட கேள்விக்குப் பதில் அங்கதான் இருக்கு. மணல்ல நடந்து காவிரி முகத்துவாரத்துக்குப் போனோம். ஆயா முகம் சுருங்கிடுச்சு.

"இவ்வளவுதானா? வாய்க்காலாட்டம் இருக்குது?"

வேலூர்ல கண்ணுக்கெட்டின தூரம் பார்த்த ஆறு இல்லை அது. நான் போனை எடுக்கறதுக்குள்ள அப்பா மணல்ல உக்காந்து குச்சியால கோடு போட ஆரம்பிச்சுட்டார். முக்கொம்புல கொள்ளிடம் பிரியுது. கல்லணையில வெண்ணாறு ஒரு பக்கம், புதாறு ஒரு பக்கம். அப்புறம் ஊருக்கு ஊர் வாய்க்கால். நேத்து வழி நெடுக ரெண்டு பக்கமும் பார்த்தியே நெல்லு, அதுக்குள்ளதான் இருக்குது உன் தண்ணி. எங்கப்பா இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை.

ஆயா கேட்டுக்கிட்டே இருந்துட்டு, சுருக்குப் பையில இருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்துத் தண்ணியில போட்டுச்சு. எப்போ எடுத்து வெச்சுச்சோ!

திரும்பறப்போ காலி பாட்டில்ல கடல் தண்ணி வேணும்னு ஒரே பிடிவாதம். வேன்ல மூடி லூஸாகி என் பேக் நனைஞ்சது தனிக்கதை. மிச்சம் இருந்ததை வீட்டுத் திண்ணையில வெச்சுச்சு. சாயங்காலத்துக்குள்ள எங்க தெருவே ஆளுக்கு ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பார்த்து முகத்தைச் சுளிச்சுடுச்சு.