சாம்பியன் ரீஃப் காய்ச்சல்

மே 27, செவ்வாய்

டாக்டர் அறையில் கேட்டதெல்லாம் வெளியே வந்ததும் மறந்துபோகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். மிட்ரல் வால்வின் திறப்பு 0.9 சதுர சென்டிமீட்டர். நல்ல வால்வு 4 முதல் 6 வரை திறக்குமாம். ஓரங்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, கசிவும் இருக்கிறது. அதனால் பலூன் விட்டு விரிக்க முடியாது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றத்தான் வேண்டும். ஜூன் மூன்றாவது வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பலூனோடு போய்விடும் என்று எத்தனையோ வருடமாக நம்பியிருந்தேன்.

ஆட்டோவில் என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. டேவிஸ் ரோட்டில் திரும்பும்போது, "காய் ஏதாவது வாங்கணுமா?" என்றார்.

மே 28

இரண்டு தலையணை போதவில்லை. மூன்று வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது.

மே 31, சனி

அம்மா கோலார் தங்கவயலிலிருந்து வந்துவிட்டாள். எண்பது வயதில் மாரிக்குப்பம் ரயிலில் தனியாக. பையில் முறுக்கு, எனக்கு ஒரு ஸ்வெட்டர். வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலே பேசுகிறாள்.

மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தானாக ஆரம்பித்தாள். "உனக்கு ஒம்பது வயசு. காய்ச்சலோட முழங்கால் வீங்கிச்சு. அது வடிஞ்சதும் கணுக்கால். அப்புறம் மணிக்கட்டு. வளர்ற புள்ளைக்கு வர்ற வலின்னு பக்கத்து லைன்ல சொன்னாங்க. ஆஸ்பத்திரியில மூணு வாரத்துக்கு ஒருதரம் ஊசி போடச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் போட்டேன். நீ அழுவ. நொண்டிக்கிட்டே ஸ்கூலுக்குப் போவ. அப்புறம் நான் கூட்டிட்டுப் போவல கண்ணு."

எனக்கு அந்த ஊசி ஞாபகம் இருக்கிறது. நிறுத்தியது ஞாபகம் இல்லை. பேச்சை மாற்றப் பார்த்தேன். அவள் விடவில்லை. இரவு ரசம் ஊற்றும்போது மறுபடி அதையே சொன்னாள்.

ஜூன் 3, நள்ளிரவு தாண்டி

கிரிக்கெட்டில் ஆர்.சி.பி. கோப்பையை ஜெயித்துவிட்டது. பதினெட்டு வருடக் காத்திருப்பு. காக்ஸ் டவுன் பக்கமிருந்து விடாமல் வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சு தூக்கிப் போடுகிறது. கீழ்வீட்டுப் பையன் தெருவில் நின்று கத்துகிறான். கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. யாரோ இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதே நன்றாக இருந்தது.

ஜூன் 4, புதன்

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. வால்வை மாற்றும் முன் ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்த்துக்கொள்கிறார்கள். இல்லை. இருந்துவிடுமோ என்ற பயத்தில் காலையில் அழுதிருந்தேன்.

சாயங்காலம் திரும்பும்போது சாலையெங்கும் சிவப்புச் சட்டைகள். வீட்டுக்கு வந்து டிவி போட்டால் சின்னசாமி மைதான வாசலில் வெற்றிக் கொண்டாட்ட நெரிசல். பதினொரு பேர் இறந்துபோய்விட்டார்கள். பௌரிங் ஆஸ்பத்திரி வாசலைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் சின்ன வயது. கீழ்வீட்டுப் பையனும் அங்கே போயிருந்தான், போன் எடுக்கவில்லை. அவன் அம்மா எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது மணிக்கு மேல் வந்தான், ஒரு செருப்போடு.

ஓபன் ஹார்ட்டில் நூற்றுக்கு இத்தனை பேருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்ன கணக்கை ஒரு வாரமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ஜூன் 5

கை நீலம் பாரித்திருக்கிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தொண்டை வழியாக எக்கோ. வெறும் வயிறு. மருந்தைத் தொண்டையில் அடித்து மரத்துப்போகச் செய்துவிட்டுக் குழாயை விழுங்கச் சொன்னார்கள். குமட்டலில் கண்ணீர் வழிந்தது. இதயத்துக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் ஓடுவதால் அங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியுமாம். இடது மேலறை வீங்கி, துடிப்பு தாளம் தப்பியிருப்பதால் ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியிருக்கலாம் என்ற பயம் அவர்களுக்கு. கட்டி இல்லை.

ஜூன் 12, வியாழன்

பல் டாக்டர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் எல்லாம் வீண். பல்லைப் பிடுங்கி, ஆறவைத்து, அப்புறம்தான் ஆபரேஷன். தேதி தள்ளிப்போய்விட்டது.

மனசைக் கட்டிக்கட்டி ஒரு தேதிக்குக் கொண்டுவந்திருந்தேன். ரிச்சர்ட்ஸ் பார்க்கில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். முன்பெல்லாம் நிற்காமல் சுற்றி வருவேன். இப்போது பாதிச் சுற்றில் உட்கார வேண்டியிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

எந்த வால்வு என்று என்னையே சொல்லச் சொல்கிறார்கள். உலோக வால்வு ஆயுசுக்கும் வரும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, அடிக்கடி ஐ.என்.ஆர். என்ற உறைதல் பரிசோதனை, கீரையைக்கூட அளவு மாறாமல் சாப்பிட வேண்டும். மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்தது என்றால் மாத்திரைத் தொல்லை குறைவு. ஆனால் பத்து, பதினைந்து வருடத்தில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். எனக்கு 56. எழுபதில் இன்னொரு முறையா?

ராத்திரி முழுக்கப் படித்தேன். 1960-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைப் பொருத்தினார். முதல் நோயாளி பிழைக்கவில்லை. அடுத்தவர் பத்து வருடம் இருந்தார். கடைசியில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துதான் இறந்தார். இதை இவரை எழுப்பிச் சொன்னேன்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழு செய்த வால்வு பற்றியும் படித்தேன். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நாலாவதை 1990 டிசம்பர் 6-ல் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டு. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத எத்தனையோ பேருக்கு அது உயிர். வலியத்தான் 2024-ல் காலமானார். என் வயது ஏழைப் பெண்களின் நெஞ்சில்தான் அவை அதிகம் ஓடிக்கொண்டிருக்கும் என்று தோன்றுகிறது. சின்ன வயதுக் காய்ச்சலில் வால்வு கெடும் இந்த நோய் வசதியான வீடுகளுக்கு அவ்வளவாகப் போவதில்லை.

ஜூன் 16

பல் பிடுங்கியாயிற்று. கஞ்சி.

ஜூன் 19, வியாழன்

அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வேண்டாம் என்றாள். வா என்றேன்.

டாக்டர் கன்னடக்காரர். அம்மாவோடு கன்னடத்திலேயே பேசினார். தங்கவயலில், சாம்பியன் ரீஃபில் வீடு எப்படி, எத்தனை பேர் என்று கேட்டார். ஒரே அறை, அதில் எட்டுப் பேர், அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார் என்றாள். அவ்வளவு நெருக்கத்தில் ஒரு குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்தால் எல்லோருக்கும் வரும் என்றார் அவர். தொண்டைக் கிருமியை எதிர்க்க உடம்பு தயார்செய்யும் படையே சில குழந்தைகளுக்கு வால்வையும் தாக்கிவிடுகிறது.

அம்மா நேராகக் கேட்டாள்: "நான் ஊசியை நிறுத்தினதாலயா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "போட்டிருந்தா கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம். முதல் காய்ச்சல்லயே வால்வு அடிபட்டிருக்கும். அது வீட்டோட வந்தது, உங்களால வரல" என்றார். புது வால்வு வைத்த பிறகும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி தொடர வேண்டும் என்றார்.

அம்மா தலையாட்டினாள். வெளியே வந்து, "அடுத்த ஊசி என்னிக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். ஊருக்கு எப்போது போகிறாய் என்று இவர் கேட்டதற்கு, இப்போதைக்கு இல்லை என்றாள்.

ஜூன் 22

உலோக வால்வு என்று சொல்லிவிட்டேன். தேதி இன்னும் தரவில்லை. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். கீழ்வீட்டுப் பையன் தன் குரூப்பைச் சொல்லிவிட்டுப் போனான்.